ரசூல் வீட்டுத் தண்ணீர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருந்த சாந்த் பாஷாவுக்கு ஊரில் யாரோடும் பகை கிடையாது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து பஸ் மாறுகிறவர்கள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. யார் வந்தாலும் ஸ்டூலில் உட்காரவைத்து, குனிந்து தன் கையாலேயே செருப்பை மாட்டிவிடுவார். பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே குறைப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரே ஒரு ஆளை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தார் என்று சொன்னால் பஜாரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த ஆள் ரசூல். சாந்த் பாஷாவின் மனைவி ஜாஹிதா பேகத்துக்குத் தாய்மாமன் மகன். ரசூலுக்குத்தான் ஜாஹிதா என்று ஒரு காலத்தில் இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. பிறகு பெரியவர்களுக்குள் ஏதோ நிலத் தகராறு வந்து பேச்சு நின்றுபோனது. ரசூல் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து குவைத்துக்குப் போனான். ஜாஹிதாவைச் சாந்த் பாஷாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இதெல்லாம் கல்யாணத்தின்போதே அவருக்குத் தெரியும். தெரிந்தும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. குவைத் தூரத்தில் இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் ரசூல் திரும்பி வந்து திருவண்ணாமலை ரோட்டில் வீடு கட்டினான். மாடியில் சிமெண்டுத் தொட்டி, சமையலறையில் நின்றபடி சமைக்கும் மேடை, அதில் வெள்ளைத் தொட்டி மாதிரி ஒரு சிங்க். சிங்குக்கு அடியில், கதவு போட்ட அலமாரிக்குள், குவைத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர் சுத்தம் பண்ணும் மிஷின். பக்கத்தில் பக்கத்தில் மூன்று குழல்கள், ஒரு சின்ன மோட்டார், சுத்தமான தண்ணீரைச் சேர்த்துவைக்க உருண்டையாக ஒரு டேங்க். சிங்கின் ஓரத்தில் அதற்கென்று கொக்கு மூக்கு மாதிரி தனியாக ஒரு குழாய். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. குவைத் மிஷின் என்றே ஊர் சொன்னது. சொந்தக்காரர்கள் புது வீட்டைப் பார்க்க வருகிற சாக்கில் வந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள்.

சாந்த் பாஷா போகவில்லை. கடையை விட்டு வர முடியவில்லை என்றார்.

அந்த ஐப்பசியில் அவருடைய மகள் ஷம்ஷாத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் இரண்டும் மஞ்சளாகி, எட்டு வயதுப் பெண் துணியைப் போலக் கிடந்தாள். கீழாநெல்லியும் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீரால்தான் வந்திருக்கிறது என்றார் டாக்டர். "காய்ச்சிக் குடுங்க, இல்லன்னா நல்ல பில்டரா பாத்து வாங்குங்க. வூட்ல எல்லாருக்கும்தான் சொல்றேன்."

அடுத்த நாளே ஜாஹிதா ரசூல் வீட்டுக்குப் போய் மிஷினைப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் சாந்த் பாஷாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நம்ம குழாத் தண்ணிதாங்க உள்ள போவுது. வெளிய வரும்போது வேற தண்ணியா வருது. அந்தத் தண்ணியில டீ போட்டா மேல ஆடையே கட்டல. நம்ம வூட்ல கட்டுதே, அது உப்பாம். மச்சான் சொன்னாரு."

"சிங்குக்கு அடியில மாட்றதா?"

"ஆமாங்க."

"நம்ம வூட்ல சிங்கே இல்லியே. அடுப்புக்கு அடியில மாட்டிக்கலாமா?"

ஜாஹிதா சிரிக்கவில்லை. "சிங்க் வெக்கிறது பெரிய வேலை இல்லயாம். மச்சானோட சிநேகிதர் ஒருத்தர் லீவுல வராராம். சொன்னா இன்னொரு மிஷின் எடுத்தாந்து குடுப்பாராம். மெதுவா பணம் குடுத்தா போதும்னு மச்சான்..."

அந்தச் சொல் வந்த ஒவ்வொரு முறையும் சாந்த் பாஷாவுக்குச் சோற்றில் கல் கடித்தது. "கொழந்தைக்கு மொதல்ல ஒடம்பு தேறட்டும்," என்று கையைக் கழுவிக்கொண்டார்.

பார்க்காமலே வேண்டாமென்று சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜாஹிதாவைக் கூட்டிக்கொண்டு ரசூல் வீட்டுக்குப் போனார். ரசூல் வாசலுக்கே வந்து, "வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா," என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். குவைத் வெயில் அவனை ஒன்றும் செய்யவில்லை. தலை நரைக்கவில்லை, தொப்பை விழவில்லை. சாந்த் பாஷா தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ரசூல் மண்டி போட்டு அலமாரியைத் திறந்து காட்டினான். முதல் குழலில் மண்ணும் அழுக்கும் நின்றுவிடும், அடுத்ததில் கரி, அதற்கடுத்ததில் உப்பே நின்றுவிடும் என்றான்.

"இந்தப் பைப் எங்க போவுது?" என்று கேட்டார் சாந்த் பாஷா.

"அது கழிவுண்ணே. ஒரு கொடம் நல்ல தண்ணி வரணும்னா மூணு கொடம் வெளிய போவும். வாழைக்கு உட்டிருக்கேன்."

"மூணு கொடம் தண்ணி வீணா?" சாந்த் பாஷாவுக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் ஜாஹிதா, "வாழைக்குத்தான போவுது," என்றாள்.

ரசூலின் மனைவி அசீசுன்னிசா தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். அதிகம் பேசாத பெண். தண்ணீரை ரசூலே பிடித்தான். சாந்த் பாஷாவுக்குக் கொடுத்த கண்ணாடி டம்ளரில் பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துப் போட்டான். ஜாஹிதாவின் டம்ளரில் போடவில்லை.

"ஜாஹிதாவுக்கு ஐஸ் ஒத்துக்காது," என்றான், யாரும் கேட்காமலே.

ஜாஹிதா தலையாட்டிவிட்டுக் குடித்தாள். சாந்த் பாஷாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அவளுக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு பிள்ளை பெற்று, தெரியாது.

"எப்படி இருக்குதுண்ணே?"

"ருசியே இல்லியே," என்றார்.

"சுத்தமான தண்ணிக்கு ருசி இருக்காதுங்க," என்றாள் ஜாஹிதா.

மறுவாரம் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சாந்த் பாஷா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஐஸ் கட்டி விழுந்த சத்தம் வழியெல்லாம் காதில் கேட்டது. வேறு என்னென்ன தெரியும் அவனுக்கு? அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், எதற்கு அழுவாள், எதைப் பார்த்தால் பயப்படுவாள், எல்லாம் தெரிந்திருக்குமோ? பஸ் திண்டிவனத்தில் நின்றபோது எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். அவர் இறங்கவில்லை.

பாத்திரக் கடையில் ஒரு சுவர் முழுக்க பில்டர்கள் அடுக்கியிருந்தன. எவர்சில்வர் பில்டர், பீங்கான் பில்டர், பிளாஸ்டிக் பில்டர், குழாயிலேயே திருகிக்கொள்ளும் குட்டி பில்டர். கரண்டில் ஓடுகிற பெட்டி ஒன்றும் இருந்தது. கடைக்காரர் பொறுமையானவர்.

"வூட்ல எத்தினி பேரு? குழாத் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?"

"மூணு பேரு. குழாதான். சிங்குக்கு அடியில மாட்றது இருக்குதா, குவைத்ல வெக்கிற மாதிரி?"

"அதெல்லாம் இங்க வர்றதில்லைங்க. வந்தாலும் அதுக்குத் தண்ணி வேகமா வரணும். மூணு பேருக்கு இந்த ரெண்டு கேண்டில் பில்டர் தாராளம். மேல் டப்பாவுல ஊத்துனா, இந்த வெள்ளக் கட்டி வழியா கசிஞ்சு கீழ் டப்பாவுல எறங்கும். இதுல உப்பு போவாது, அழுக்குதான் நிக்கும். ஒடம்பு முடியாதவங்க இருந்தா காய்ச்சி ஆறவெச்சு ஊத்துங்க."

உப்பு போகாது என்று அவர் சொன்னது சாந்த் பாஷாவின் காதில் விழவில்லை. அவர் கண் மேல் தட்டில் இருந்தது. அங்கே ஒரு பெரிய எவர்சில்வர் பில்டர், கோயில் உண்டியல் மாதிரி, நாலு கேண்டிலோடு பளபளத்துக்கொண்டு நின்றது.

"அது ஆபீஸுக்கு வாங்கறதுங்க," என்றார் கடைக்காரர்.

"அத எறக்குங்க."

கடைக்காரர் இறக்கித் துடைத்து, வாஷரை எப்படிப் போடுவது, திருகை எவ்வளவு முறுக்குவது, கேண்டிலைப் பிரஷ்ஷால் எப்படித் தேய்ப்பது என்று எல்லாம் காட்டினார். சாந்த் பாஷா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ரசூல் இதைப் பார்க்கிறபோது அவன் முகம் எப்படிப் போகும் என்பதில்தான் அவர் நினைப்பு இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வல்லத்தில் ஏறிய கூட்டம், "இன்னா பாய், டீக்கடை போடறியா?" என்று கேட்டது.

வீட்டில் அதை ஒரு மரப்பெட்டி மேல் ஏற்றியதும் தலைக்கு மேல் போய்விட்டது. ஜாஹிதா அண்ணாந்து பார்த்தாள்.

"பெருசா இருக்குதுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் வாஷரைத் தானே மாட்டிவிட்டு, ஜாஹிதாவைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசலில் பழக்கமில்லாத ஒரு ஜோடி ஷூ கிடந்தது. இந்த ஊரில் விற்காத ஷூ. உள்ளே சமையலறையில் ரசூல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பில்டரின் மேல் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜாஹிதா பக்கத்தில் டார்ச்லைட் பிடித்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் தண்ணீர். நடையில் பாயில் படுத்திருந்த ஷம்ஷாத், "நைனா, பில்டர் ஒழுவிட்சி. அம்மா என்னப் பாத்துக்க பக்கத்து வூட்ல சொல்லிட்டு, போயி மாமாவ கூப்டாந்தாங்க," என்றாள்.

"வாங்கண்ணே," என்றான் ரசூல். "வாஷர் தலகீழா போட்டிருக்குது. கடைக்காரன் காட்டித் தரலியா?"

"எழுந்திரு."

"ஒரு திருகுதான்ணே, இதோ..."

"எழுந்திருடா. என் வூட்டுத் தண்ணி ஒழுவுனா ஒழுவிட்டுப் போவுது. அதுக்கு குவைத்லேருந்து ஆளு வர வேணாம்."

ரசூல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் விட்ட இடத்திலிருந்து அந்தத் திருகை ஜாஹிதாவே முறுக்கினாள். டப்பாவைத் தூக்கி வைத்தாள். தரையைத் துடைத்தாள். பிறகு துணியைப் பிழிந்து போட்டுவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எதுவோ கேக்கணும்னு வாய்க்குள்ளயே வெச்சிக்கினு சுத்தறீங்க. கேட்டுடுங்க."

சாந்த் பாஷாவுக்கு என்னென்னவோ கேட்க இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "ஒனக்கு ஐஸ் ஒத்துக்காதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல சேமியா ஐஸ் தின்னு தொண்ட கட்டி, ஒரு வாரம் பேச்சே வராம கெடந்தேன். வாங்கிக் குடுத்தவரு அவருதான். அதுக்கு மாமா அவரப் போட்டு அடிச்சாரு. அதான் மறக்கல."

"எனக்கு ஏன் தெரியல?"

"கல்யாணமான புதுசுல திண்டிவனத்துல சர்பத் வாங்கித் தந்தீங்க. எனக்கு ஐஸ் வேணாம், ஒத்துக்காதுன்னு சொன்னேன். கடைக்காரன்கிட்ட நீங்கதான் சொன்னீங்க, ஒண்ணு ஐஸ் இல்லாமன்னு."

அவருக்கு நினைவில்லை. பொய் சொல்கிறவள் இல்லை என்பது மட்டும் தெரியும். கேட்க வந்ததை அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"அவனக் கட்டிக்க ஒனக்கு ஆச இருந்துதா?"

"இருந்துது," என்றாள் ஜாஹிதா. "பதினேழு வயசு. வூட்ல எல்லாரும் அவரத்தான் காட்டிக்கினு இருந்தாங்க, ஆச எப்படி வராம போவும்? அப்புறம் உங்களக் காட்டுனாங்க. வந்தேன். ஷம்ஷாத்துக்குக் கண்ணு மஞ்சளானப்ப, கடைக்கு ஆளு உட்டு உங்களத்தான் கூப்டேன். வேற யாரையும் நெனைக்கக்கூட இல்ல. இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல."

அவள் சொன்னதில் பாதிக்கு மேல் அவருக்கு ஆறுதலான பேச்சுதான். ஆனால் காதில் தங்கியது முதல் சொல் மட்டும். இருந்துது. கடையில் குனிந்து செருப்பு மாட்டும்போதும் அது கேட்டது, பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும்போதும் கேட்டது. ரசூல் ரோட்டில் எதிரே வந்தால் சாந்த் பாஷா கடைக்குள் திரும்பி, டப்பாக்களை எண்ணுவது போல நின்றார். ரசூலும் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜாஹிதாவும் போகவில்லை. ஷம்ஷாத் தேறி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

வெயில் காலம் வந்தது. குழாயில் தண்ணீர் நாள்விட்டு நாள் வந்து, பிறகு அதுவும் குறைந்தது. ஒரு மத்தியானம் ஜாஹிதா மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சாந்த் பாஷா வீட்டில் தனியாக இருந்தார். இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடு அசீசுன்னிசா வந்து வாசலிலேயே நின்றாள்.

"பில்டர் தண்ணி கொஞ்சம் கெடைக்குமாண்ணே? எங்க மாமியாருக்கு வயித்தால போவுது."

"ஒங்க மிஷின்?"

"அது நின்னுபோச்சு. உள்ள சவ்வு மாதிரி இன்னாவோ இருக்குதாம். நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு அடச்சிக்கிச்சு. சொட்டு சொட்டாத்தான் வுழுவுது. மாத்தணும்னா குவைத்லேருந்துதான் வரணுமாம்."

சாந்த் பாஷாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதை முகத்தில் காட்டாமல் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். பில்டரின் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். குடம் நிறைய நேரமாகும். இரண்டு பேரும் அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாந்த் பாஷா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

"ஆசையா கொண்டாந்தான். பாவம்."

"நின்னது எனக்கு நிம்மதிதாண்ணே," என்றாள் அசீசுன்னிசா.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்தாலும் நான்தான் தண்ணி புடிச்சிக் குடுப்பேன். ஜாஹிதா அக்கா வந்தா மட்டும் அவரே எழுந்து போவாரு. அவங்களுக்கு ஐஸ் ஒத்துக்காதுன்னு தெரியுது. எனக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது, கை காலெல்லாம் அரிக்கும். வாங்கியாந்து போட்டுக்கினேதான் இருக்காரு." குடத்தை நேராக்கி வைத்துவிட்டு, "அன்னிக்கு இங்கேருந்து அவரு கோவமா வந்தாரு, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலன்னதும் எனக்கு இன்னா இன்னாவோ தோணுது. அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள்.

தனக்கு மட்டுமே சொந்தம் என்று சாந்த் பாஷா நினைத்திருந்த ஒன்றை, இந்தப் பெண் குடத்தோடு தூக்கிக்கொண்டு வந்து தன் சமையலறையில் நிற்கிறாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைப் பார்க்க யாருக்காவது இப்படி இருந்திருக்குமோ என்று தோன்றியபோது வெட்கமாகவும் இருந்தது.

"அது சின்ன வயசுல நடந்ததும்மா," என்றார். சேமியா ஐஸ் கதையைச் சொன்னார். தொண்டை கட்டியதை, ரசூல் அடி வாங்கியதை, நேரில் பார்த்தவர் மாதிரி சொன்னார். "ஒண்ணா வளந்தவங்க. அதத் தவிர ஒண்ணும் இல்ல. அவன் கோவிச்சிக்கினு போனது என்னாலதான். நான் ஒரு வார்த்த அதிகமா பேசிட்டேன்."

"இதுக்கா அடி வாங்குனாரு?" அசீசுன்னிசாவின் முகம் லேசாகத் தெளிந்தது. "என்கிட்ட சொன்னதே இல்ல."

குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தன் வாயால் சொன்ன அதே பேச்சு அவளுக்குப் பலித்த மாதிரி தனக்கு ஏன் பலிக்கவில்லை என்று சாந்த் பாஷா யோசித்துக்கொண்டு நின்றார். பில்டர் காலியாகிவிட்டிருந்தது. ஜாஹிதா வருவதற்குள் நிரப்பிவைக்கலாம் என்று, காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீர்க் குண்டானைத் தூக்கினார். கை எட்டவில்லை. மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முக்காலி ஆடியது. சுவரைப் பிடிக்கப் போய்ப் பாதித் தண்ணீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். ஜாஹிதா அவரைவிட ஒரு சாண் குள்ளம். ஐப்பசியிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் இந்த முக்காலியில் ஏறித்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாஹிதாவையும் ஷம்ஷாத்தையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனார். "நீயே பாத்து எடு," என்று சொல்லிவிட்டுக் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஜாஹிதா ஒவ்வொரு பில்டராகக் கீழே இறக்கச் சொன்னாள். உயரத்தைத் தன் தோளோடு வைத்துப் பார்த்தாள். குழாயைத் திருப்பிப் பார்த்தாள். கேண்டில் உடைந்தால் செஞ்சியிலேயே கிடைக்குமா, திண்டிவனத்துக்குப் போகணுமா என்று கேட்டாள். கடைக்காரரை வாஷரைத் தன் முன்னால் இரண்டு தடவை கழற்றி மாட்டச் சொன்னாள். கடைசியில், முதல் தடவை அவர் சாந்த் பாஷாவுக்குக் காட்டிய அதே ரெண்டு கேண்டில் பில்டரை எடுத்தாள். கடைக்காரர் சாந்த் பாஷாவைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்துவைத்தார்.

பழைய பெரிய பில்டரைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டார். தொழ வருகிறவர்களும், வெயிலுக்கு ஒதுங்குகிற ரோட்டு ஜனமும் அதில் குடித்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை கேண்டில்களைக் கழற்றித் தேய்த்து மாட்டுவது சாந்த் பாஷாவின் வேலையாயிற்று. வாஷர் இப்போது சரியாகப் போட வந்தது.

ரசூல் கையிருப்பு கரைந்து, மறுபடி குவைத்துக்கே போய்விட்டான். போவதற்கு முன் கடைக்கு வந்து, "போய்ட்டு வரேண்ணே," என்றான். "நல்லபடியா போய்ட்டு வாப்பா," என்றார் சாந்த் பாஷா. மனதோடுதான் சொன்னார், முக்கியமாக முதல் பாதியை.

லீவில் வரும்போதெல்லாம் ரசூல் பள்ளிவாசலில் அந்த பில்டரில்தான் தண்ணீர் குடிப்பான். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லவும் சொல்வான். சாந்த் பாஷா கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடப்பார். அவன் ஊரில் இருக்கிற அந்த இரண்டு மாதமும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிடுவார். ஏன் என்று ஜாஹிதா கேட்டதில்லை. தட்டை எடுத்துவைத்து, சோற்றைப் போட்டு, பில்டரில் தண்ணீர் பிடித்து வைப்பாள்.